ஒரே டிக்கோடு நின்ற செய்தி

2024 ஜூலை 18, வியாழக்கிழமை இரவு. மலேசியாவில் மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் டாக்காவில் இணையம் அறுந்தது. கைப்பேசி இணையம் அதற்கு முன்பே போய்விட்டது. வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் வந்துகொண்டிருந்த அகலக்கற்றையும் அன்றிரவு போனது. பதினேழு கோடிப் பேர் வாழும் நாடு ஒரே இரவில் வெளியுலகத்தோடு பேச வழியில்லாமல் நின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்நேரம் பாதி வீடுகள் தூங்கியிருக்கும். பிள்ளையை வங்கதேசத்துக்கு மருத்துவம் படிக்க அனுப்பியிருந்த வீடுகளுக்கு விஷயம் விடிந்த பிறகுதான் தெரிந்தது. முந்தின இரவு புலனத்தில் (வாட்ஸ்ஆப்பில்) அனுப்பிய "சாப்பிட்டியா?"வுக்கு ஒரே டிக். காலையில் போட்ட "எழுந்துட்டியா?"வுக்கும் ஒரே டிக்.

அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாகவே டாக்கா கொதித்துக்கொண்டிருந்தது. 1971 விடுதலைப் போரில் கலந்துகொண்டவர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலைகளில் 30 விழுக்காடு ஒதுக்கீடு இருந்து, 2018-இல் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு நீக்கப்பட்டது. 2024 ஜூன் 5-ஆம் தேதி அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை மீண்டும் கொண்டுவந்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூலை 16-ஆம் தேதி ரங்பூரில் கைகளை விரித்து நின்ற அபு சயீத் என்ற மாணவர் போலீஸ் சுட்டு இறந்தார். அந்தக் காணொளி நாட்டையே உலுக்கியது. 19-ஆம் தேதி நள்ளிரவு முதல் ஊரடங்கு, தெருவில் ராணுவம். 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை மொத்தமாக 7 விழுக்காட்டுக்குக் குறைத்தும் கோபம் தணியவில்லை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி பிரதமர் ஷேக் ஹசீனா பதவியை விட்டு இந்தியாவுக்குப் போனார். ஜூலை 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் இடையே 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது.

வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்து நடந்த கலவரம் அல்ல இது. ஆனால் கிள்ளானில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் தாய்க்கு அது எப்படித் தெரியும்? எரிகிற பேருந்து ஒன்றையே செய்தியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். பிள்ளையின் விடுதி அந்தத் தெருவில் இருக்கிறதா, நகரத்தின் மறு கோடியில் இருக்கிறதா என்பது அந்தப் படத்தில் இல்லை.

பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பும் வீடுகள் கட்டணத்துக்குத் திட்டம் போடுகின்றன, விசாவுக்குத் திட்டம் போடுகின்றன, ஊறுகாயும் மிளகாய்த்தூளும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கூடக் கணக்குப் போடுகின்றன. லைன் அறுந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பேசிவைப்பதில்லை. அறுந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால் அப்போது பேச லைனே இருக்காது.

மலேசியத் தமிழர்களான நம் பிள்ளைகள் ஏன் அங்கெல்லாம் போகிறார்கள் என்பதைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எந்த டியூஷன் சென்டர் வாசலில் நின்று கேட்டாலும் சொல்வார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடம் குறைவு. மெட்ரிகுலேஷன் இடம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற வேதனை ஒவ்வோர் ஆண்டும் தமிழ் நாளிதழ்களை நிரப்புகிறது. உள்ளூர்த் தனியார் கல்லூரி என்றால் பல லட்சம் ரிங்கிட். அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி, அம்மாவின் நகை, கடன் இப்படித் திரட்டிக்கொண்டு பிள்ளைகள் இந்தோனேசியாவுக்கும் ரஷ்யாவுக்கும் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் போகிறார்கள். ஒரு காலத்தில் கிரைமியாவின் சிம்ஃபெரோபோல் நகர மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படித்தார்கள். 2005-இல் அதன் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் போனது. 2014-இல் ரஷ்யா கிரைமியாவையே தன்னோடு இணைத்துக்கொண்டது. படிப்புக்கு மலிவான ஊர் அமைதியான ஊராகவும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனாலும் போகத்தான் செய்கிறார்கள். இருக்கிற வழி அது.

என் அக்கா மகளும் அப்படி டாக்கா போனவள்தான்.

அக்கா வீடு கிள்ளானில். இணையம் போன மூன்றாம் நாள், சனிக்கிழமை, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கொம்முட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலுக்கு வந்துவிட்டாள். சாப்பிட மாட்டேன் என்றவளை ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோற்றைப் பிசைந்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் மேசைக்கு ரசம் ஊற்ற வந்த தம்பி அந்தத் திரையை ஒரு நிமிடம் நின்று பார்த்தான். குமில்லாக்காரன். மலாயும் கடைத் தமிழும் கலந்து பேசுவான்.

"அக்கா, டாக்காவா? புலனம் போகாது. நெட் கால் எதுவும் போகாது. சாதா கால் போடுங்க, பிளஸ் எட்டு எட்டு சைபர் போட்டு. விடாம போட்டா எப்பவாச்சும் விழும். நானும் அப்படித்தான் போடுறேன்."

"உங்க வீட்டுக்கு விழுந்துச்சா தம்பி?"

"இன்னும் இல்ல அக்கா."

சொல்லிவிட்டு ரசவாளியோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். மலேசியாவில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் வங்கதேசத்தவர்தான் அதிகம். அந்த ஜூலை வாரத்தில் நம் உணவகங்களிலும் கட்டுமான இடங்களிலும் கையுறைத் தொழிற்சாலைகளிலும் எத்தனையோ பேர் இப்படி எண்ணைத் தட்டிக்கொண்டே வேலை பார்த்தார்கள். நாம் நம் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டோம். நம் இலையில் பரிமாறியவர்கள் அதே ஊரில் இருக்கும் தங்கள் அப்பா அம்மாவுக்காகக் கவலைப்பட்டார்கள். அவர்களைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. அகலக்கற்றை 23-ஆம் தேதி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கைப்பேசி இணையம் 28-ஆம் தேதிதான் வந்தது. கிராமத்து வீடுகளில் அகலக்கற்றை ஏது? அந்தத் தம்பி போன்றவர்களுக்கு அம்மா முகம் திரையில் தெரிய அத்தனை நாளாயிற்று.

அன்று பிற்பகல் அக்காவுக்கு லைன் விழுந்தது. கடையை விட்டு வெளியே வந்து ஐந்தடிப் பாதையில் நின்று ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. மருமகள் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன்:

"அம்மா, நான் ஹாஸ்டல்லதான் இருக்கேன். மூணாவது மாடி. கேட்டைப் பூட்டிட்டாங்க, யாரையும் வெளிய விடல. கூட நம்ம மலேசியப் பிள்ளைங்க இருக்காங்க, எல்லாரும் ஒரே ரூமுக்கு மாறிட்டோம். அரிசி, முட்டை, பருப்பு இருக்கு. தண்ணி பிடிச்சு வெச்சிட்டோம். நேத்து ராத்திரி சத்தம் கேட்டுச்சு, தூரத்துல. பயமாதான் இருந்துச்சு. ஹை கமிஷன்ல எங்க பேரை எல்லாம் எடுத்திருக்காங்க. நாளைக்கு நம்ம டைம் ராத்திரி ஒம்பது மணிக்கு மறுபடி போடுறேன். லைன் கிடைக்கலன்னா லைன்தான் கிடைக்கலன்னு அர்த்தம், எனக்கு ஒண்ணும்னு நெனைச்சுக்காத. மாமாகிட்ட சொல்லிடு. பாட்டிகிட்ட நீயே பேசு."

அக்கா அழவில்லை. கடைக்குள் திரும்பி வந்து சாப்பிட்டாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க, இணையம் இருந்தபோது, அதே பிள்ளை நாளுக்குப் பத்துத் தடவை "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் ஓகே" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுகூட அக்காவைத் தூங்க வைக்கவில்லை.

யோசித்தால் காரணம் விளங்குகிறது. "எல்லாம் ஓகே"யைத் தாய் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள்? தொலைக்காட்சியோடுதான். தொலைக்காட்சியில் நெருப்பு. ஆக, பிள்ளை மறைக்கிறாள் என்று முடிவு கட்டுகிறாள். ஒருமுறை மறைக்கிறாள் என்று தோன்றிவிட்டால் அதற்குப் பிறகு பிள்ளை சொல்லும் எந்த நல்ல சேதியும் நல்ல சேதியாகக் காதில் விழாது. மூன்றாவது மாடி, பூட்டிய கேட், முட்டை, பிடித்து வைத்த தண்ணீர் இதெல்லாம் வேறு. தாயால் அந்த அறையை மனக்கண்ணில் பார்க்க முடிகிறது. தன் பிள்ளையை அதில் ஓர் ஓரமாக உட்கார வைக்கவும் முடிகிறது. "சத்தம் கேட்டுச்சு, பயமாதான் இருந்துச்சு" என்று பிள்ளை ஒத்துக்கொண்டதால்தான் "அரிசி இருக்கு" என்பதும் நம்பும்படி ஆனது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்தக் கடைசி வாக்கியங்கள். அடுத்து எப்போது பேசுவேன், பேசாவிட்டால் அதற்கு என்ன பொருள். இந்த இரண்டும் இல்லாத எந்த ஆறுதலும் லைன் அறுந்த மறுநொடியே காலாவதி ஆகிவிடும். மறுநாள் இரவு ஒன்பதுக்கு அழைப்பு வரவில்லை. அக்கா பதறினாள்தான், ஆனால் முந்தின மூன்று நாட்களின் பதற்றம் அல்ல அது. "லைன் கிடைக்கலன்னா லைன்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருந்தாள்.

படிக்கப் போன பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சூழலில் வீட்டைத் தேற்றுவது ஒரு வேலை, அதற்கும் தெம்பு வேண்டும். நீங்கள் உங்கள் பயத்தோடும் இருக்கிறீர்கள், அறைத்தோழியின் அழுகையோடும் இருக்கிறீர்கள், வகுப்பு என்ன ஆகும், பரீட்சை என்ன ஆகும் என்ற கவலையோடும் இருக்கிறீர்கள். அதனால் வீட்டில் ஒரே ஆளிடம் பேசுங்கள். அந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். எங்கள் குடும்பத்தில் மருமகள் அதைத் தானே முடிவு செய்தாள்: அம்மாவிடம் பேசுவாள், மாமாவுக்கு அம்மா சொல்வாள், பாட்டியை அம்மா பார்த்துக்கொள்வாள். கரண்டு எப்போது போகும் என்று தெரியாத ஊரில் கைப்பேசியில் மிச்சமிருக்கும் சார்ஜை சித்தப்பா, பெரியம்மா, பழைய ஸ்கூல் டீச்சர் என்று பங்கு போட்டுக் கொடுக்க முடியாது.

பெற்றோருக்கும் சொல்ல இருக்கிறது, அது இன்னும் கடினமானது. குடும்பப் புலனக் குழுவில் வரும் குரல் பதிவுகளைப் பிள்ளைக்கு அனுப்பாதீர்கள். "இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்களைத் தாக்கப் போறாங்களாம்" என்று யாரோ யாருக்கோ சொன்னதை, விடுதிக்குள் அடைபட்டிருக்கும் பிள்ளைக்கு நாமே கொண்டு சேர்ப்பது எவ்வளவு கொடுமை! அந்தப் பிள்ளைக்கு இங்கிருந்து வேண்டியது ஊரடங்கு எத்தனை மணிக்குத் தளர்கிறது, தூதரகம் என்ன அறிவித்திருக்கிறது, விமானம் பறக்கிறதா என்பதுதான். இணையம் இல்லாத அவர்களைவிட நமக்குத்தான் அது முதலில் தெரியும். லைன் விழுகிற அந்த ஒரு நிமிடத்தில் "ஏன்டி போன, அப்பவே சொன்னேன்ல" என்பதற்கு இடமில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஆனால் அது பொய் சொல்லாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி. "பத்திரமா இருக்கியா?" என்று கேட்டால் பிள்ளைக்கே பதில் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸ் இதை முன்பும் பார்த்திருக்கிறது

1969 மே 13-ஆம் தேதி மாலை கம்போங் பாரு பக்கம் மூண்ட கலவரம் கோலாலம்பூரை ஊரடங்குக்குள் தள்ளியது. அதிகாரபூர்வக் கணக்கில் 196 பேர் இறந்தார்கள். 15-ஆம் தேதி நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாளிதழ்கள் சில நாள் நிறுத்தப்பட்டுப் பிறகு தணிக்கையோடு வெளிவந்தன. அன்று சென்னையிலும் லண்டனிலும் படித்துக்கொண்டிருந்த மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பத்திரமாக இருந்தார்கள், ஆபத்து வீட்டைச் சூழ்ந்திருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். தந்தி, கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கு ட்ரங்க் கால், மற்றவர்களுக்கு ஏர் லெட்டர். கடிதம் போய்ச் சேர்வதற்குள் எழுதியபோதிருந்த நிலைமை மாறியிருக்கும்.

1983 ஜூலை இறுதியில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது அந்நிய நாட்டுச் செய்தி அல்ல. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வெள்ளவத்தையில் அத்தை இருப்பாள், யாழ்ப்பாணத்தில் பெரியப்பா இருப்பார். அந்தக் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் சிங்களவர்கள் 1894-இல் தொடங்கிய பௌத்த மகா விகாரையும் இருக்கிறது. ஒரே தீவின் இரு சமூகத்தாரும் ஒரே பேட்டையில் அடுத்தடுத்து வாழ்ந்தபடி அந்த வாரச் செய்திகளைக் கேட்டார்கள். 

2007 நவம்பர் 25 இன்னும் நம் நினைவில் சூடாகவே இருக்கிறது. அதிகாலையில் பத்துமலையில், பிறகு ஜாலான் அம்பாங்கில் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கி ஹிண்ட்ராஃப் (இந்து உரிமை நடவடிக்கைக் குழு) அழைப்பை ஏற்றுத் திரண்ட பல்லாயிரம் பேர் மீது கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும் பாய்ந்தன. மணிப்பாலிலும் பெங்களூரிலும் மாஸ்கோவிலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அன்று வீட்டுக்கு அழைத்தபடி இருந்தார்கள்: "அப்பா போனாரா? திரும்பி வந்துட்டாரா?" கவலை எந்தத் திசையிலும் ஓடும் என்பதை அன்று நம் வீடுகள் பார்த்தன. அப்பாவும் அன்று "ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் சொல்லியிருப்பார். கண் எரிந்துகொண்டிருந்திருக்கும்.

நாடு தழுவிய இணைய முடக்கத்தை மலேசிய மாணவர்கள் பெரிய அளவில் முதலில் சந்தித்தது எகிப்தில். 2011 ஜனவரி 25-ஆம் தேதி கெய்ரோவில் போராட்டம் தொடங்கியது. 28-ஆம் தேதி இணையம் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது, கைப்பேசியும் ஒரு நாள் ஊமையானது. அப்போது அங்கே சுமார் 11,000 மலேசிய மாணவர்கள் இருந்தார்கள். பழைய கம்பித் தொலைபேசி மட்டும் வேலை செய்தது. கூகுளும் ட்விட்டரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன: ஒரு வெளிநாட்டு எண்ணுக்கு அழைத்துக் குரலைப் பதிவு செய்தால் அது தானாக ட்விட்டரில் ஏறும். மலேசிய அரசு ராணுவத்தின் சி-130 விமானங்களில் மாணவர்களை ஜெட்டாவுக்குக் கொண்டுவந்து, அங்கே ஹாஜிகள் தங்கும் இடத்தில் வைத்திருந்து, பிறகு நாட்டுக்கு அனுப்பியது. இந்த நாட்டின் வெளியுறவுத் துறை செய்த பெரிய காரியங்களில் ஒன்று அது. வரலாற்றுப் பாடத்தில் இடம்பெறத் தகுந்தது.

அதன் பிறகு உலகம் இந்த விஷயத்தில் மோசமாகத்தான் போயிருக்கிறது. அக்சஸ் நவ் அமைப்பின் கணக்குப்படி 2024-இல் மட்டும் 54 நாடுகளில் 296 முறை இணையம் முடக்கப்பட்டது. இந்தியாவில் மட்டும் 84. மணிப்பூரில் 2023 மே மாதம் மூண்ட வன்முறையின்போது மாதக்கணக்கில் இணையம் இல்லை. வெளியூரில் படித்த மணிப்பூர்ப் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பேரிடர் நேரத்தில் "நான் பத்திரம்" என்று ஒரே தட்டில் எல்லோருக்கும் சொல்ல முகநூல் 2014-இல் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. 2015 நேபாள நிலநடுக்கத்தில் அது பலருக்கு உதவியது. நிலநடுக்கத்துக்குச் சரி. அரசாங்கமே இணையத்தை அணைக்கும் கலவரத்தில் அந்தப் பொத்தான் எதற்கு உதவும்?

வந்துவிடு, இரு

டாக்காவிலிருந்து 2024 ஜூலை 23-ஆம் தேதி ஏர் ஏசியாவின் சிறப்பு விமானம் நூற்றுக்கும் மேற்பட்ட மலேசியர்களை ஏற்றிக்கொண்டு கே.எல்.ஐ.ஏ. முனையம் இரண்டுக்கு வந்தது. பெரும்பாலோர் மாணவர்கள். இந்தியப் பிள்ளைகளில் பலர் விமானத்துக்குக் காத்திருக்காமல் தரைவழியாக, அகௌரா தாண்டி அகர்தலாவுக்கும் தாவ்கி வழியாக மேகாலயாவுக்கும் போனார்கள். ஜூலை 21-க்குள்ளாகவே 4,500-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் நாடு திரும்பிவிட்டதாக இந்திய வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். இந்தியாவுக்கு நிலத்தில் எல்லை இருக்கிறது. நமக்கு விமானம் ஒன்றுதான் வழி.

விமானம் வருகிறது என்று தெரிந்ததும் வீடுகளில் அடுத்த போராட்டம் தொடங்கியது. பெற்றோருக்கு ஒரே சொல்: வந்துவிடு. பிள்ளைகளுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. மருத்துவப் படிப்பில் வருகைப் பதிவு கணக்கு, வார்டு போஸ்டிங் கணக்கு, பரீட்சை தள்ளிப்போனால் ஓர் ஆண்டு தள்ளிப்போகும், ஓர் ஆண்டு தள்ளிப்போனால் மறுபடியும் கட்டணம், மறுபடியும் அப்பாவின் கையிருப்பு. என் மருமகள் வருகிறேன் என்று சொல்வதற்கு முன் கேட்ட ஒரே கேள்வி, "மறுபடி வர்றதுக்கு டிக்கெட் காசு இருக்கா மாமா?" என்பதுதான். நிலைமை மோசமாகும்போது பிள்ளைகள் உயிருக்குப் பயப்படுகிற அளவுக்கு வீட்டுக் கடனுக்கும் பயப்படுகிறார்கள். தங்கிவிடத் துடிக்கும் பிள்ளையை முரட்டுப் பிடிவாதக்காரி என்று எண்ணுவதற்கு முன் இதைக் கேட்டறிய வேண்டும். "காசை நாங்க பார்த்துக்கறோம், நீ உன் பத்திரத்தை மட்டும் பார்" என்று பெற்றோர் ஒருமுறை தெளிவாகச் சொன்னால், பிள்ளை சரியான முடிவை எடுப்பதற்குப் பாதித் தடை விலகும். சொல்வதற்குக் கையில் காசு இல்லாத வீடுகள் உண்டு, எனக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குத்தான் அரசாங்கமும் கல்லூரிகளும் துணை நிற்க வேண்டும். நெருக்கடியில் நாடு திரும்பிய மாணவருக்கு அந்தப் பருவக் கட்டணத்தை மறுபடி வசூலிக்காமல் இருப்பது ஒன்றும் பெரிய தர்மம் அல்ல.

இன்னொரு வேலையும் பலர் செய்யாமல் விடுகிறார்கள். வெளிநாட்டில் படிப்பவர்கள் மலேசியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா வசதி வைத்திருக்கிறது. சேர்ந்த வாரத்திலேயே செய்ய வேண்டியது. அமைதியான நாளில் அது வெறும் படிவம்தான். நிறையப் பிள்ளைகள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். கலவரம் மூண்ட பிறகு தூதரகம் கையில் வைத்துக்கொண்டு தேடுவது அந்தப் பட்டியலைத்தான். விடுதி மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும். இரண்டாம் ஆண்டில் வாடகை வீட்டுக்குப் போய்விட்ட பிள்ளையைத் தூதரக அதிகாரி முதலாம் ஆண்டு விடுதியில் போய்த் தேடினால் யார் பொறுப்பு?

அனுப்பி வைக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் கல்விக் கண்காட்சிகளில் கல்லூரிப் படத்தைக் காட்டுகிறீர்கள், நம் சாப்பாடு கிடைக்கும் மெஸ்ஸைக் காட்டுகிறீர்கள். அந்த நாட்டில் கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை முறை ஊரடங்கு வந்தது, இணையம் எத்தனை நாள் போனது, கல்லூரி அப்போது மாணவர்களை என்ன செய்தது என்றும் சொல்லுங்கள். பெற்றோர் அதைக் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். அனுப்ப முடிவு செய்தவர்கள் அனுப்பத்தான் செய்வார்கள். தெரிந்து அனுப்புவார்கள்.

மருமகள் ஆகஸ்ட் மாதம் முழுவதும் கிள்ளானில் இருந்தாள். ஹசீனா நாட்டை விட்டுப் போன செய்தியை எங்களோடு உட்கார்ந்துதான் பார்த்தாள். கூடப் படிக்கும் வங்காளப் பிள்ளைகளில் யார் யார் பத்திரம் என்று தேடிக்கொண்டே இருந்தாள். அவள் மறுபடி டாக்கா கிளம்பும் முன் அக்கா ஒரு தாளில் சிலவற்றை எழுதி வாங்கிக்கொண்டாள். விடுதி அலுவலகத்தின் கம்பித் தொலைபேசி எண். அறைத்தோழியின் அம்மா எண், அவர் ஈப்போவில் இருக்கிறார். பாரிதாராவில் இருக்கும் மலேசியத் தூதரகத்தின் அவசர எண். கல்லூரிக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு வசிக்கும் ஒரு உள்ளூர்த் தோழியின் வீட்டு முகவரி. இணையம் போனால் நம் நேரம் இரவு ஒன்பது மணி, அது தவறினால் காலை ஏழு. அம்மாவுக்கு மட்டும் அழைப்பு. கடைசி வரியை மருமகளே தன் கையால் எழுதினாள்: இரண்டு நாள் முழுசா லைன் இல்லாவிட்டால் மட்டும் ஹை கமிஷனுக்குப் போன் பண்ணு, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

ஈப்போ அம்மா அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். இந்தோனேசியாவின் பண்டுங்கில் படிக்கும் தன் தம்பி மகனுக்கும் அப்படி ஒன்று எழுதச் சொல்லப் போவதாக அக்காவிடம் கூறினார். 2025 ஆகஸ்ட் இறுதியில் ஜகார்த்தாவில் போலீஸ் வாகனம் ஏறி ஓர் ஓஜெக் (மோட்டார் சைக்கிள் டாக்சி) ஓட்டுநர் இறந்து, இந்தோனேசிய நகரங்களில் போராட்டம் வெடித்தபோது அந்த வீட்டில் தாள் தயாராக இருந்தது.